எட்டாவது கட்டம்

காகிதப்பட்டறையில், மருந்துக்கடை மாடியில்
எனக்கு ஒரு போன், ஒரு மின்விசிறி, ஒரு பட்டியல்.
மாநிலம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுக் கேட்டு
எட்டாவது கட்டத்தை நிரப்ப வேண்டும்:
இயங்குகிறது.
இயங்கவில்லை.
தகவல் இல்லை.
மார்ச் முடிவதற்குள்.

தெற்கிலிருந்து தொடங்கினேன்.
தூத்துக்குடிப் பக்கம் ஓர் எண்ணில்
"பார்சலா, டேபிளா?" என்றார்கள்.
கீழக்கரையில் ஒரு பெண்:
"அவுக மவுத்தாயிட்டாக.
போர்டு மட்டும் தொங்குது,
கழட்ட ஏணி இல்ல."
நாமக்கல்காரர் நிறுத்தாமல் பேசினார்.
வெளிநாட்டுப் பணத்துக்கான உரிமம்
புதுப்பித்து வரவில்லை, வேனை விற்றாயிற்று,
ஆனாலும் இருபத்திரண்டு பிள்ளைகள்
சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்,
அவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லையாம்.
சென்னையில் ஒன்று
ஒன்பது நிமிடம் வீணை வாசித்தது.
இயங்குகிறது என்று போட்டேன்.

விடியல் என்ற பெயரில் மட்டும் முப்பத்தொன்பது.
அதில் பதினொன்று இயங்கவில்லை.

சொந்த மாவட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அது மூன்றாகப் பிரிந்த பிறகு
எது சொந்தம் என்பதற்கும் ஒரு கட்டம் போடலாம்.
பேரணாம்பட்டில் ஓர் அறக்கட்டளை,
பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவுப்பள்ளி.
எண் உபயோகத்தில் இல்லை.
அதன் ஆண்டறிக்கை அட்டையில் நான் இருக்கிறேன்,
ஏழு வயதில், கையில் சிலேட்டோடு.
'பயனாளி' என்று கீழே எழுதியிருக்கும், முனீரா என்றில்லை.
சிரிக்காதே என்றார் படமெடுத்தவர்.
என் சிரிப்புக்கு அந்த வருடம் நிதி ஒதுக்கவில்லை போல.
தகவல் இல்லை என்று அடித்தேன்.
அடித்தது தகவல்தான்.

வரிசை எண் இரண்டாயிரத்துத் தொண்ணூறு, பாகாயம்.
ஆட்டோ சத்தத்துக்கு நடுவே ஓர் ஆள், பெயர் கன்னியப்பன்.
"சங்கமா? தலைவரு செயலாளரு எல்லாம்
போன வருசமே பூட்டாங்கம்மா.
நாங்கோ மூணு பேரு கீறோம்.
அடுக்கம்பாற ஆஸ்பத்திரில
யாரும் வாங்காத பொணம் இருந்தா
ஸ்டேசன்லர்ந்து போன் வரும்.
எடுத்தாந்து பாலாத்துப் பக்கம் பொதைப்போம்.
வேட்டி, மால, பால், அவ்ளோதான்."
"ரசீது புத்தகம்?"
"யாருக்குமா ரசீது குடுக்கறது?"
"இயங்குகிறதுன்னு போடட்டுமா?"
கொஞ்ச நேரம் ஆட்டோ மட்டும் ஓடியது.
"அத்த போட்டா எவனாச்சும்
கணக்கு கேட்டுகினு வருவானா?"
"வரலாம்."
"அப்ப வோணாம்மா."

காலியாக விட்டுப் பார்த்தேன்.
கணினி கட்டத்தைச் சிவப்பாக்கி
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்றது.
கரண்ட் போனது.
மாடித் தகரம் அனலாய் இறங்கியது.
ஜனவரிச் சம்பளம் எனக்கு இன்னும் வரவில்லை,
திட்டம் முப்பத்தொன்றோடு முடிகிறது,
அதன் பிறகு என்னை யாராவது கூப்பிட்டால்
எந்தக் கட்டம் என்று யோசித்தேன்.
கரண்ட் வந்தது.
இயங்கவில்லை என்று அடித்துவிட்டு
அவர் எண்ணை என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

அறிக்கை அச்சாகி வந்தது, வழவழப்பான தாள்.
இயங்குபவை ஆயிரத்து முந்நூற்று நான்கு.
ஓட்டலில் மேடை போட்டு வெளியிட்டார்கள்,
தண்ணீர் பாட்டில் எல்லோருக்கும் இரண்டு.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை,
பழைய பேருந்து நிலையத்தில்
பேரணாம்பட்டு வண்டிக்குக் காத்திருந்தேன்.
இரவெல்லாம் தூங்குகிறார் என்று
எல்லோரும் சுற்றிக்கொண்டு போன ஒருவர்
தூங்கவில்லை.
பையில் அட்டை இல்லை, போன் இல்லை,
ஒரு சீப்பும் திருத்தணி டிக்கெட்டும்.
போலீஸ்காரர் எழுதிக்கொண்டே
"இதுக்கு யாரைக் கூப்பிடறது?" என்றார், பொதுவாக.

மூன்றாவது மணியில் எடுத்தார்.
நான் யாரென்று கேட்கவில்லை.
"ஆம்பளையா பொம்பளையாம்மா?
வேட்டியா பொடவையா எடுத்தாரணும்?"